ஒன்று மட்டும் விழக்கூடாது

முதலில் ஒரு பகடை வேண்டும். ஒன்று போதும்.
எங்களுடையது ததேயூஸ் அறுத்தது,
கிழிந்த வலையின் மிதவையிலிருந்து,
மீன் வெட்டுகிற கத்தியால்.
ஆறு பக்கம் உண்டு. ஆறும் சமம் என்று
அவனே சொல்லமாட்டான்.
ஐந்து கொஞ்சம் கூடுதலாக விழும்.
எல்லாருக்கும் தெரிந்த கள்ளம்
கள்ளத்தில் சேராது.

அடுத்து, நேரம் வேண்டும்.
தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் அன்று அது தாராளம்.
ஐஸ் ஆலையில் கரண்டு இல்லை.
டீசல் ஏறியாயிற்று, அரிசி ஏறியாயிற்று,
பதினொரு பேரும் ஏறியாயிற்று.
ஐஸ் இல்லாமல் கடலுக்குப் போனால்
அதற்குப் பெயர் உல்லாசப் பயணம் என்றார் ஸ்ராங்கு,
சிரிக்காமல்.

அணியத்தில் உட்காராதே,
கச்சான் காற்று கட்டையைக் கொண்டுபோகும்.
ஐஸ் அறையின் மூடியைக் கழற்றிக்
கவிழ்த்துப் போட்டால் அதுதான் பலகை.
ஓரத்தில் சாக்பீஸால் பெயர்களை எழுது.

இனி உருட்டு.
விழுந்ததைக் கூட்டிக்கொள்.
மறுபடி உருட்டலாம். மறுபடியும்.
எத்தனை தடவை என்று கேட்க ஆளில்லை.
"போதும்" என்று நீ சொன்னால்
கூட்டியது சாக்பீஸில் ஏறும்,
பிறகு ஒருவனும் அதைத் தொடமுடியாது.
சொல்வதற்குள் ஒன்று விழுந்தால்
அந்த முறையில் சேர்த்ததெல்லாம் கடலுக்கு,
கட்டை அடுத்தவன் கைக்கு.
ஐம்பதை முதலில் தொட்டவன் ஜெயித்தான்.
கடைசியில் கிடப்பவன்
இரண்டு சட்டை போட்டு அறைக்குள் இறங்கி
ஐஸ் பரப்பவேண்டும்.

கட்டை அடங்குமுன் படகு ஆடினால்?
அது கடல் போட்டது. கடல் போட்டதும் கணக்கு.
(இந்த ஒரு விதிக்கு அரை மணிக்கூர் சண்டை.)
கயிற்றில் சாய்ந்து நின்றால் செல்லாது.

பனியடிமை நாலு வந்தாலே போதும் என்பான்,
எறும்பு அரிசி சுமக்கிற மாதிரி
நாற்பத்தேழுக்கு வந்துவிட்டான்.
வில்பிரட் அந்தச் சொல்லை வாயிலேயே எடுக்கவில்லை.
சாயங்காலம் முழுக்க அவன் பெயருக்கு நேரே சைபர்,
எங்களில் அதிகம் சிரித்தவனும் அவன்தான்.
ஒடிசாக்காரன் ஹரிஹருக்கு
இழு, விடு, சோறு மூன்றுதான் தெரியும்.
அன்றைக்கு நாலாவது சொல் கிடைத்தது.

சமையல்காரன் கிளீட்டஸுக்குப்
பலகையில் முப்பத்தெட்டு, கையில் பதினொன்று.
ஐம்பதுக்கு ஒன்றுதான் குறைவு.
ஒன்று இருந்தால் ஜெயித்துவிடலாம்,
ஆனால் ஒன்று மட்டும் விழக்கூடாது.
"போதும்னு சொல்லுலே மக்கா" என்றான் ததேயூஸ்.
கிளீட்டஸ் பனியடிமையைப் பார்த்தான்.
பனியடிமை வானத்தைப் பார்த்தான்.

உள்ளங்கையில் வைத்து ஊதி
உருட்டினான்.

அந்த நேரம் பார்த்து
ஒரு பெரிய படகு துறைமுக வாய்க்குள் நுழைந்தது.
அதன் அலை எங்களைத் தூக்கி இறக்கியது.
கட்டை பலகை தாண்டி, விளிம்பில் ஒரு தட்டு தட்டி,
திறந்து கிடந்த அறைக்குள் விழுந்தது.
ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான்.
ஐந்து தலைகள் குனிந்து இருட்டைப் பார்த்தன.

பின்னால் லாரியின் ஹாரன்.
"எழும்புங்கலே, ஐஸ் வந்தாச்சு!"

வில்பிரட் இறங்கினான். அவன் தலைக்கு மேலே
நொறுங்கிய ஐஸ் இரைந்துகொண்டு கொட்டியது.
ஒரு மணிக்கூர் கழித்து ஏறி வந்தான்,
உதடு நீலம், புருவத்தில் வெள்ளை.
"கண்டியாலே?"
"ஐஸ் கண்டேன்" என்றான்.
அந்தச் சிரிப்பை எப்படி எடுத்துக்கொள்வது என்று
கிளீட்டஸுக்குத் தெரியவில்லை.

மூடியைத் திருப்பிப் போட்டு அடைத்தோம்.
சாக்பீஸ் கணக்கு இப்போது உள்பக்கம்,
ஐஸைப் பார்த்தபடி.
அறை காலியாகப் பதினைந்து நாளாவது ஆகும்.
அதுவரை யாரும் அதை அழிக்கக் கூடாது என்பது
புதிதாகச் சேர்த்த விதி.

துறைமுக வாய் தாண்டும்போது
அடுப்படியிலிருந்து கிளீட்டஸ் சத்தமாகச் சொன்னான்:
"போதும்."

செல்லுமா என்று
இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.